கிடார் செய்யப் போகிறேன் என்கிற பையனின் அப்பாவுக்கு

அண்ணாச்சி, போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது "தச்சுவேலை வேண்டாம்னுதானே பன்னெண்டு வரைக்கும் படிக்க வச்சேன், சுத்திச் சுத்தி மரத்துக்கே வாறானே" என்றீர்கள். அதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எழுதுகிறேன். வெளியே பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியிடமும் கொடுங்கள், படிக்கட்டும்.

எல்லாவற்றையும் மெஷின் அறுத்துத் தள்ளுகிற காலத்தில் கையால் கிடார் செய்கிறவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்பது உங்கள் பயம். அவனுக்கோ, முழுக்கக் கையால் செய்தால்தான் கிடார், கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷின் பட்டுவிட்டால் அது ஃபேக்டரி சரக்கு என்று ஒரு பிடிவாதம். இரண்டு பேரும் பாதி சரி, மீதி பாதி தப்பு.

கிப்சன் என்கிற கிடார் கம்பெனி கதையைச் சொல்கிறேன். 2015இல் அவர்கள் அமெரிக்காவில் செய்த பெரும்பாலான கிடார்களில் தந்தியை முறுக்குகிற கீயில் மோட்டார் வைத்து, தானாகச் சுருதி சேர்க்கும்படி பொருத்திவிட்டார்கள். பட்டனை அமுக்கி மீட்டினால் கீ தானே சுற்றிச் சுருதிக்கு வந்து நிற்கும். கேட்க அருமையாக இருக்கிறதில்லையா? நெக்கையும், அதாவது விரல் வைத்து வாசிக்கிற நீளக் கழுத்தையும், அகலமாக்கினார்கள், விலையையும் ஏற்றினார்கள். வாசிக்கிறவர்கள் முகத்தைச் சுளித்துவிட்டார்கள். மறு வருஷமே பழைய மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வரிசை, புதுசு கேட்பவர்களுக்கு ஒரு வரிசை என்று பிரிக்க வேண்டியதாயிற்று. (2018இல் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு கோர்ட்டுக்குப் போனதற்கும் இதுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். ஃபிலிப்ஸின் ஆடியோ வியாபாரத்தை வாங்கியது மாதிரி வேறு இடத்தில் அகலக்கால் வைத்ததுதான் பெரிய அடி.)

அதே நாட்டில் டெய்லர் என்று இன்னொரு கிடார் கம்பெனி. 1990 வாக்கிலேயே சிஎன்சி மெஷினை உள்ளே கொண்டு வந்தவர்கள். 1999இல் நெக்கை உடம்போடு சேர்க்கிற முறையையே மாற்றினார்கள். மெஷின் மயிரிழை சுத்தமாகக் குடைந்த பள்ளத்தில் நெக் உட்காரும், போல்ட் போட்டு இறுக்குவார்கள், கோணம் மாற வேண்டுமென்றால் நடுவில் வைக்கிற மெல்லிய தகட்டை மாற்றினால் போதும். பழைய முறையில் பசையை ஆவி காட்டி இளக்கிக் கழற்ற வேண்டிய வேலை அது. ஆனால் வெளியே பார்த்தால் மரம், தந்தி, அதே பழைய கிடார்தான்! யாரும் சண்டைக்கு வரவில்லை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்கிற எலக்ட்ரிக் கிடாரின் உருவத்தை அதைச் செய்கிற ஃபெண்டர் கம்பெனி இன்றைக்கும் விட மாட்டேன் என்கிறது, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக்ஸை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறது. வாசிக்கிறவன் கண்ணுக்கும் கைக்கும் படுகிற இடத்தில் பழசு, படாத இடத்தில் எவ்வளவு புதுசு வேண்டுமானாலும் சரி, இந்தத் தொழில் அப்படித்தான் ஓடுகிறது.

தம்பிக்கு இதை வீணையை வைத்துச் சொன்னால் புரியும். வீணையில் 24 மெட்டையும் மெழுகில் பதிக்கிறார்கள், காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திப் பதிக்கிறார்கள், பிசகினால் மெழுகை இளக்கித் திரும்ப வைக்கலாம். கிடார் மெட்டு, அதுதான் ஃப்ரெட், அப்படியில்லை, மரத்தில் வாள் ஓடிவிட்டால் ஓடியதுதான். தந்தி நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் அதை 17.817ஆல் வகுக்க வேண்டும், முதல் ஃப்ரெட் தலைப்பக்கத்திலிருந்து 36.37இல் வரும். மிச்ச நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது 34.33. மேலே போகப் போக இடைவெளி குறுகும், அங்கே அரை மில்லி தள்ளினாலும் காது கண்டுபிடித்துவிடும். இதைக் கையால்தான் அறுப்பேன் என்று அடம் பிடிப்பது கலை இல்லை, தம்பி. ஆனால் முன்பலகையை எந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இழைக்கலாம் என்று தட்டிப் பார்த்துச் சொல்வதும், நெக்கின் பின்புறம் உள்ளங்கைக்குள் எப்படி உட்கார வேண்டும் என்பதும் விரலும் காதும் சொல்கிற விஷயம். அங்கேதான் உங்கள் வீட்டு இழைப்புளிக்கு வேலை.

சரி, சோற்றுக்கு வருவோம். எடுத்த எடுப்பில் புதுக் கிடார் செய்து நெல்லையில் விற்று வாழ முடியாது. ரிப்பேரில் ஆரம்பிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் எத்தனை சர்ச், எத்தனை பாடகர் குழு, ஸ்கூல்களில் எத்தனை கிடார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். என் மருமகன் சர்ச்சில் வாசிக்கிறான். போன சித்திரையில் கையை நீட்டிக் காட்டினான், ஆள்காட்டி விரல் ஓரமெல்லாம் கீறல். கிடாரை வாங்கித் தடவிப் பார்த்தால் நெக் ஓரத்தில் ஃப்ரெட் முனை ஒவ்வொன்றும் ரம்பப் பல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. கம்பி வளரவில்லை, வெயிலில் மரம் சுருங்கியிருக்கிறது. ஐப்பசி மழையில் இறுகிப்போய்ப் பங்குனியில் லொடலொடக்கிற கதவை எத்தனை தடவை இழைத்துக் கொடுத்திருப்பீர்கள், அதே கதைதான். சின்ன அரம் ஒன்று, அரை நாள் பொறுமை இருந்தால் வேலை முடிந்துவிடும். அதைச் செய்து கொடுக்க இங்கே ஆள் கிடைக்காமல் மருமகன் சென்னைக்கு அனுப்பினான் என்பதைத் தம்பி குறித்துக்கொள்ளட்டும்.

கடன் வாங்கி பி.இ. மெக்கானிக்கல் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். அவன் கணக்கு மார்க்கைப் பார்த்த பிறகு சொல்கிறேன், வேண்டாம். பேட்டை அரசு ஐடிஐயில் மெஷினிஸ்ட் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், இரண்டு வருஷப் படிப்பு. மரவேலைப் பிரிவு எதற்கு? உளி பிடிக்க அவனுக்கு வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறார். வீட்டில் இல்லாதது மில்லிங்கும் வெர்னியரும் வரைபடம் படிக்கிற பழக்கமும்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பம் போடுங்கள். கிடார் ஆசை நடுவில் ஆறிவிட்டாலும் (ஆறலாம், வயது பதினேழு) ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், இல்லையென்றால் எந்த மெஷின் ஷாப்பிலும் நிற்கலாம். ஆறவில்லை என்றால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, அங்கே நடக்கிற மரவேலைக் குறுகிய பயிற்சிகளை விசாரிப்போம்.

மரம் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டறையில் தோதகத்தித் துண்டுகள் கிடக்கின்றன என்றீர்கள். உலகத்தில் நல்ல கிடார் செய்கிறவர்கள் முதுகுப் பலகைக்குத் தேடுவது அதைத்தான். 2017 தொடக்கத்தில் அந்த மர இனம் முழுவதையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் கொண்டு வந்தார்கள், கிடார் கம்பெனிகள் அலறிய பிறகு 2019 கடைசியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கட்டையாக வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அந்த விலக்கு இல்லை. அதனால் யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே எடுத்து வையுங்கள், இப்போதைக்கு தம்பியையும் அதில் கை வைக்க விடாதீர்கள்.

அவனுக்கு முதல் வேலை வேறு. யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும் பழைய கிடார் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். தலைப்பக்கம் தந்திகள் படுத்திருக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கழற்றிவிட்டு, அதே அளவில் எருமை எலும்பில் அவனே ஒன்று செய்யட்டும். ஆறு பள்ளம், ஒவ்வொன்றும் அதனதன் தந்திப் பருமனுக்கு. பள்ளம் ஆழமாகிவிட்டால் தந்தி இரையும், மேடாக விட்டால் விரல் வலிக்கும். மூன்று நான்கு துண்டு பாழாகும், திட்டாதீர்கள். ஒழுங்காக ஒன்று வந்ததும் கிடாரோடு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வரும்போது மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே பேட்டைக்குப் போய்விட்டு வந்துவிடலாம்.