பந்தைத் தொடாமல் இருபது நிமிடமா?

இளம் கால்பந்து வீரர்களின் பேலன்ஸ் பயிற்சி பற்றி வந்த கேள்விகளுக்கு விளையாட்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்.

என் மகளுக்கு 13 வயது. கால்பந்துப் பயிற்சியில் முதல் இருபது நிமிடம் பந்தே கிடையாது. ஒற்றைக் காலில் நிற்பதும் குதிப்பதும்தான். ‘ஆட வந்தேனா, தவம் பண்ண வந்தேனா?’ என்று கேட்கிறாள். இதனால் உண்மையிலேயே பலன் உண்டா?

தவம் என்றே வைத்துக்கொள்ளட்டும். வரம் முழங்காலுக்கு.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்துவைத்திருக்கும் லிகமெண்ட் ஒன்று உண்டு. ஏசிஎல் என்பார்கள். அது அறுந்தால் பல பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும், மறுபடி மேட்ச் ஆடக் குறைந்தது ஒன்பது மாதமாவது ஆகும். யாராவது வந்து இடித்தால்தான் அறும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் பக்கத்தில் ஆளே இருக்கமாட்டார். தலையால் முட்ட எம்பிவிட்டு ஒற்றைக் காலில் இறங்கும்போதோ, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திரும்பும்போதோ முட்டி உள்பக்கமாகச் சாயும். பாதம் தரையில் பட்டுப் பத்தில் ஒரு நொடிகூட ஆகாமல் காரியம் கெட்டுவிடும். யோசித்துக் காலைத் திருத்திக்கொள்ள நேரமே இல்லை. பாதம் படுவதற்கு முன்பே தசைகள் இறுகித் தயாராக இருக்க வேண்டும். உங்கள் மகளின் கோச் அதைத்தான் நரம்புக்கும் தசைக்கும் பழக்குகிறார்.

இந்தக் காயம் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதிலும் வயதுக்கு வந்த பிறகு கூடுகிறது. சுவீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,500-க்கும் மேற்பட்ட சிறுமிகளை வைத்து நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம் இதே மாதிரிப் பயிற்சி பெற்ற அணிகளில் ஏசிஎல் காயம் 64 சதவீதம் குறைந்திருந்தது. கைக்காசு செலவில்லாமல் இவ்வளவு பலன் தருகிற வேறு வைத்தியம் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

பந்து இல்லை என்பதுதான் அவள் குறை என்றால், ஒற்றைக் காலில் நின்றபடியே எதிரில் இருப்பவளோடு பந்தை எறிந்து பிடிக்கலாம். ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ வார்ம் அப்பிலேயே அந்தப் பயிற்சி உண்டு. கோச்சிடம் கேட்கச் சொல்லுங்கள்.

10 வயதுப் பையன்களுக்குக் கோச்சாக இருக்கிறேன். சரியாகச் செய்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காதைக் கொடுங்கள். குதித்து இறங்கும்போது ‘தொம்’ என்று கேட்டால் முட்டி மடங்காமல் விறைப்பாக இறங்குகிறான் என்று அர்த்தம். ‘முட்டியை மடக்கு, இடுப்பை இறக்கு’ என்று பாடம் எடுத்தால் பத்து வயதுப் பையன் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுவான். ‘சத்தம் கேட்காமல் இறங்கு பார்க்கலாம்’ என்றால் போதும், உடம்பு தானே வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கண். பக்கவாட்டில் நின்றால் ஒன்றும் தெரியாது, நேர் எதிரே நில்லுங்கள். முட்டி, கால் விரல்களுக்கு நேராக முன்னால் வர வேண்டும். கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போனால் தப்பு. இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகிற பையனை உடனே அடையாளம் காணலாம். செல்போனைத் தரையில் வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்துக் காட்டுங்கள். பத்து தடவை சொன்னாலும் நம்பாதவன் தன் காலைப் பார்த்ததும் நம்புவான்.

நிற்பது எளிதாகிவிட்டால், ஒருவன் ஒற்றைக் காலில் நிற்க, இன்னொருவன் அவன் தோளைத் தொட்டு லேசாகத் தள்ளட்டும். பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். எந்தப் பக்கம் தள்ளுவான் என்று தெரியாததுதான் இதில் விஷயம். மேட்ச்சிலும் யாரும் சொல்லிவிட்டுத் தள்ளுவதில்லை.

உங்கள் பையன்களின் வயதுக்கு ‘11 பிளஸ் கிட்ஸ்’ என்று தனியே ஒன்று இருக்கிறது. 7 முதல் 13 வயது வரை ஆடுகிறவர்களுக்கு, மொத்தம் 7 பயிற்சிகள். அதில் விழுந்து உருளவும் கற்றுத் தருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் விழும்போது கையை ஊன்றி எலும்பை முறித்துக்கொள்வது அதிகம் என்பதால் அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எனக்கு 16 வயது. போன வருஷம் கணுக்கால் சுளுக்கியது. வீக்கம் போய்விட்டது, ஆனால் திரும்பும்போது கால் பிசகுகிற மாதிரி இருக்கிறது. பேலன்ஸ் போர்டு வாங்கவா?

ஏறி நின்றால் ஆடுகிற அந்தப் போர்டு இப்போது வேண்டாம், தம்பி. கால் அடிக்கடி பிசகினால் முதலில் டாக்டரிடமோ பிசியோவிடமோ காட்டு.

சுளுக்கும்போது லிகமெண்ட் மட்டும் அடிபடுவதில்லை. ‘பாதம் சாய்கிறது’ என்று தகவல் அனுப்புகிற நரம்பு முனைகளும் அடிபடும். வீக்கம் வடிந்தாலும் தகவல் தாமதமாகத்தான் போகும். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மறுபடி சுளுக்குவது அதனால்தான். காட்டிவிட்டு வந்தபின் சுவர் ஓரமாக ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில். முடிந்தால் கண்ணை மூடி நில். அதுவும் சுலபமானால் மடித்த துண்டின்மேல் நில். போர்டெல்லாம் அதற்கு அப்புறம். ஆடும்போது கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிற பிரேஸ் போட்டுக்கொள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடிபட்ட காலில் ஒற்றைக் காலால் தாவும் தூரத்தை மற்றக் காலோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார். பெரிய வித்தியாசம் இருக்கும்வரை பயிற்சியை விடாதே.

போட்டிகள் தொடங்கிவிட்டன. பயிற்சியை நிறுத்திவிடலாமா?

கூடாது. விட்டால் பலனும் போய்விடும். வாரம் இரண்டு நாள் முழுதாகச் செய்யுங்கள். மேட்ச் நாளில் மட்டும் ‘11 பிளஸ்’ஸின் ஓட்டப் பகுதிகள் போதும்.