டெரி நகர மன்றத்தில் கட்சிகளின் பலம் தேர்தலுக்குத் தேர்தல் ஏன் இவ்வளவு மாறுகிறது?

வட அயர்லாந்தின் டெரி – ஸ்ட்ரபேன் மாவட்ட மன்றத்தில், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்னும் சின் ஃபெயின் கட்சி 2014இல் 16 இடங்களையும், 2019இல் 11 இடங்களையும், 2023இல் 18 இடங்களையும் பெற்றிருப்பதைச் சுட்டிக்காட்டி, ஒரே ஊர் மக்கள் ஒன்பது ஆண்டுகளுக்குள் இப்படி மாறி மாறி வாக்களிப்பார்களா, அல்லது வாக்குகளை எண்ணும் முறைதான் இப்படிக் காட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். மக்களின் மனம் மாறியது உண்மை. அந்த மாற்றம் மறையாமல் இடங்களின் எண்ணிக்கையில் தெரிவதற்குக் காரணம் எண்ணும் முறை. இதே ஊரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் மக்கள் எப்படி வாக்களித்தாலும் மன்றத்தின் பெரும்பான்மை அசையாதபடி எல்லைகள் வரையப்பட்டிருந்தன என்பதால், அதைச் சொல்லாமல் இன்றைய எண்களை விளக்க முடியாது.

மனைவியின் செவிலியர் பணிக்காக 2017இல் நாங்கள் டெரிக்குக் குடிவந்தோம். இந்தியக் குடியுரிமையை விட்டுவிடாமலே, காமன்வெல்த் நாட்டவர் என்ற தகுதியில் எனக்கு இங்கே மன்றத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாளம் காட்ட வேண்டும் என்பது வட அயர்லாந்தில் 2003 முதல் நடைமுறையில் இருப்பதால், தேர்தல் அலுவலகம் இலவசமாக வழங்கும் அடையாள அட்டையைப் பெற்றுக்கொண்டு 2019லும் 2023லும் வாக்களித்தேன். முதல் முறை வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியபோது, ஒரு பெயருக்கு நேரே முத்திரை குத்திப் பழகிய எனக்கு, எல்லாப் பெயர்களுக்கும் நேரே 1, 2, 3 என்று எண் எழுதலாம் என்பது புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் அன்று மாலை தேநீருக்கு அழைத்து இந்த எண்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். 1967இல் நடந்த மாநகராட்சித் தேர்தலில் இருபத்தைந்து வயதைக் கடந்திருந்த தமக்கு வாக்கு இல்லை என்றும், வீடு தம் தந்தையின் பெயரில் இருந்ததே அதற்குக் காரணம் என்றும் அவர் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தபோது அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று தெரிந்தது.

அன்றைய சட்டப்படி, உள்ளூராட்சித் தேர்தலில் வீட்டு வரிக்குப் பொறுப்பானவருக்கும் அவருடைய துணைக்கும் மட்டுமே வாக்கு. பெற்றோருடன் வாழும் வயது வந்த பிள்ளைகளுக்கும், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் வாக்கு இல்லை. சொத்து வைத்திருந்த நிறுவனங்களோ தங்கள் சார்பில் ஆறு பேர் வரை வாக்காளர்களாக நியமிக்கலாம். வறிய புராட்டஸ்டன்ட் குடும்பங்களும் இதனால் வாக்கிழந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் வீடில்லாதவர்கள் அதிகமாகக் கத்தோலிக்கரிடையே இருந்ததால் பெரிய அடி அவர்களுக்குத்தான். இங்கே கத்தோலிக்கர் என்றால் பெரும்பாலும் அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்னும் தேசியவாதிகள், புராட்டஸ்டன்டுகள் என்றால் பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் என்று வைத்துக்கொண்டால், கீழே வரும் எண்கள் விளங்கும்.

1920 ஜனவரியில் அயர்லாந்து முழுவதும் நகரத் தேர்தல்கள், வாக்குகளின் விகிதத்துக்கேற்ப இடங்கள் கிடைக்கும் விகிதாசார முறையில் நடந்தன. அதற்கு ஓராண்டு முன்பு ஸ்லைகோ நகரில் முன்னோட்டமாக நடத்திப் பார்த்த முறைதான் அது. டெரியில் தேசியவாதிகளும் சின் ஃபெயினும் சேர்ந்து மயிரிழையில் பெரும்பான்மை பெற, ஹியூ ஓ'டொஹெர்ட்டி என்ற கத்தோலிக்கர் மேயரானார். நாடு பிரிக்கப்பட்ட பிறகு, 1922இல் வட அயர்லாந்து அரசு உள்ளூராட்சித் தேர்தல்களில் விகிதாசார முறையை நீக்கியது. அடுத்த ஆண்டே டெரி மாநகராட்சி யூனியனிஸ்டுகளின் கைக்குத் திரும்பியது. கத்தோலிக்கரின் எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போனதால் அதுவும் போதாமல், 1936இல் வார்டுகளை மறுபடி வரைந்து நகரத்தை மூன்றாகப் பிரித்தார்கள்.

அந்த மூன்று வார்டுகளின் கணக்கு, 1968இல் வெடித்த கலவரங்களை விசாரித்த கேமரன் பிரபுவின் ஆணையம் 1969இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. 1967இல் தெற்கு வார்டில் 10,047 கத்தோலிக்க வாக்காளர்களும் 1,138 மற்றவர்களும் இருந்தனர். அந்த வார்டுக்கு 8 உறுப்பினர்கள். வடக்கு வார்டில் 2,530 கத்தோலிக்கரும் 3,946 மற்றவர்களும். அதற்கும் 8 உறுப்பினர்கள். ஆற்றின் கிழக்குக் கரையிலுள்ள வாட்டர்சைடு வார்டில் 1,852 கத்தோலிக்கரும் 3,697 மற்றவர்களும். அங்கே 4 உறுப்பினர்கள். நகரம் முழுவதற்குமாகக் கூட்டினால் 14,429 கத்தோலிக்கருக்கு எதிரே 8,781 மற்றவர்கள். மன்றத்திலோ யூனியனிஸ்டுகள் 12, தேசியவாதிகள் 8. நான் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விகிதப்படி 20 இடங்களைப் பங்கிட்டால் கத்தோலிக்கர் பக்கம் 12, மறுபக்கம் 8 என்று வருகிறது; நடைமுறையில் இருந்த எண்கள் அப்படியே தலைகீழாக நிற்கின்றன. வீடும் வரியும் இல்லாமல் வாக்கிழந்தவர்களை விட்டுவிட்டு, வாக்குரிமை பெற்றிருந்தவர்களை மட்டும் எண்ணினாலே இந்த நிலை என்பதைக் கவனியுங்கள். தெற்கு வார்டில் ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 1,400 வாக்காளர்கள் என்றால், வடக்கில் சுமார் 810 பேர் போதும்.

இதன் கொடுமை மன்றத்தோடு முடியவில்லை. வீடு கொடுத்தால் வாக்கும் சேர்ந்து போகும் என்பதால், வடக்கு வார்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு ஒதுக்குவது தேர்தல் கணக்கையே மாற்றிவிடும். ஆகவே புதிய வீடுகள் தெற்கு வார்டுக்குள்ளேயே நெருக்கிக் கட்டப்பட்டன. அங்கே இடம் தீர்ந்ததும் 1966இல் ராஸ்வில் அடுக்குமாடிகள் எழுந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையினர் தங்கியிருந்த ஸ்பிரிங்டவுன் தகரக் கொட்டகைகளில் 1946இல் குடியேறிய குடும்பங்களில் சில, 1967 வரை அங்கேயே இருந்தன. 1968 அக்டோபர் 5ஆம் நாள் டியூக் தெருவில் புறப்பட்ட ஊர்வலத்தைக் காவல்துறை தடியால் அடித்துக் கலைத்ததை உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த ஊர்வலத்தின் கோரிக்கைகளில் வீடும் வாக்கும் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இருந்ததற்கு இதுவே காரணம். அடுத்த மாதமே வட அயர்லாந்தின் அன்றைய பிரதமர் டெரன்ஸ் ஓ'நீல் சீர்திருத்தங்களை அறிவிக்க, மாநகராட்சி கலைக்கப்பட்டு அதன் வேலை ஓர் ஆணையத்திடம் போனது. வயது வந்த எல்லோருக்கும் உள்ளூராட்சி வாக்குரிமை சட்டமாயிற்று. 1973 மே 30ஆம் நாள் விகிதாசார முறையில் மீண்டும் தேர்தல் நடந்தபோது, ஜான் ஹியூம் என்ற தலைவரின் மிதவாதத் தேசியவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி. முன்னணிக்கு வந்தது, அதன் மருத்துவர் ரேமண்ட் மெக்லீன் மேயரானார்.

இனி முறைக்கு வருகிறேன். நம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் விருப்ப வரிசையில் வாக்களிப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே முறையை இங்கே பொதுமக்கள் பயன்படுத்துகிறார்கள். மாவட்டம் ஏழு தேர்தல் பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஐந்து முதல் ஏழு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மொத்தம் 40 பேர். ஐந்து இடங்கள் உள்ள பகுதியில் 6,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்தால், அதை ஆறால் வகுத்து ஒன்றைக் கூட்டி, 1,001 வாக்குகள் பெற்றவர் வென்றதாகக் கொள்வார்கள். அவருக்கு அதற்கு மேல் கிடைத்த உபரி, அந்தச் சீட்டுகளில் அடுத்த எண் பெற்றவர்களுக்குக் குறைக்கப்பட்ட மதிப்பில் போகும். யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடாதபோது, கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய சீட்டுகளை அடுத்தடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். முதல் நான்கு இடங்கள் பெரும்பாலும் எதிர்பார்த்தபடியே அமையும். ஐந்தாவது இடம்தான் மூன்றாம், நான்காம் விருப்பங்களால் சில நூறு வாக்குகளில், சில நேரம் சில பத்து வாக்குகளில் முடிவாகிறது. ஏழு பகுதிகளிலும் இந்தக் கடைசி இடம் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், மொத்த எண்ணிக்கை ஐந்தோ ஆறோ கூடிவிடும், குறைந்துவிடும். நீங்கள் கேட்ட ஏற்ற இறக்கத்தின் ஒரு பகுதி இதுதான்.

ஆனால் முழுவதும் இதுவல்ல. பழைய டெரி நகர மன்றத்தில், 2011இல் கூட, 30 இடங்களில் எஸ்.டி.எல்.பி. 14, சின் ஃபெயின் 10 என்றிருந்தது. வட அயர்லாந்தின் 26 மன்றங்களை 11ஆகச் சுருக்கியபோது, சின் ஃபெயின் வலுவாக இருந்த ஸ்ட்ரபேன் டெரியோடு சேர்ந்தது. 2014 தேர்தலில் சின் ஃபெயின் 16, எஸ்.டி.எல்.பி. 10 என்று வந்ததில் இந்த இணைப்புக்கும் பங்கு உண்டு. அதை முழுக்க மக்களின் மனமாற்றம் என்று படிப்பது பிழை. 2019இல் நடந்ததுதான் உண்மையான கோபம். வட அயர்லாந்துச் சட்டமன்றம் 2017 ஜனவரி முதல் முடங்கிக் கிடந்தது. வேலையும் பல்கலைக்கழக விரிவாக்கமும் டெரிக்கு வரவில்லை என்ற மனக்குறை நான் போன இடமெல்லாம் பேச்சாக இருந்தது. சின் ஃபெயின் 11க்குச் சரிந்து எஸ்.டி.எல்.பி.க்குச் சமமானது. விட்டுப்போன இடங்கள் எதிர்முகாமுக்குப் போகவில்லை. இடதுசாரிகளான பீப்பிள் பிஃபோர் பிராஃபிட் கட்சிக்கு இரண்டும், புதிய கட்சியான ஏன்டூவுக்கு ஒன்றும் கிடைத்தன. அந்த இடதுசாரிகள் இருவரில் ஒருவர் ஈமன் மெக்கான். 1968 அக்டோபர் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான அவர், தம் 76ஆவது வயதில் முதல் முறையாக இந்த மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த முடிவைக் கேட்ட மாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

2023 மே 18 தேர்தலின் சூழல் வேறு. அதற்கு முந்தைய ஆண்டு சட்டமன்றத் தேர்தலில் சின் ஃபெயின் முதலிடம் பெற்றும், யூனியனிஸ்டுகளின் முதன்மைக் கட்சியான டி.யு.பி. அரசில் சேர மறுத்ததால் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சராக முடியவில்லை. தேசியவாத வாக்காளர்கள் பலர் மன்றத் தேர்தலை அதற்கான பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. அந்த ஆண்டு வட அயர்லாந்து முழுவதிலும் 462 இடங்களில் 144ஐப் பெற்று, சின் ஃபெயின் உள்ளூராட்சியில் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்தது. இங்கே 18 இடங்கள். எஸ்.டி.எல்.பி. 10இல் நின்றது, பீப்பிள் பிஃபோர் பிராஃபிட் ஒன்றுக்குக் குறைந்தது, ஏன்டூவின் இடம் போயிற்று. டி.யு.பி. 7இலிருந்து 5 ஆக, மற்றொரு யூனியனிஸ்ட் கட்சியான யு.யு.பி. 2இலிருந்து 3 ஆனது. எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, எந்தப் பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சி 2019இல் வாட்டர்சைடிலும் ஃபான் பகுதியிலும் பெற்ற இரண்டு இடங்களையும் இழந்ததுதான். இரு சமூகத்தாரும் கலந்து வாழும் அந்தக் கிழக்குக் கரையில்தான் என் வீடு இருக்கிறது. பெரிய அளவில் இடங்கள் கைமாறியது தேசியவாத முகாமுக்குள்ளேயே. இரண்டு முகாம்களுக்கும் இடையே ஓரிரு இடங்களுக்கு மேல் நகர்வதில்லை.

இடங்கள் மாறுவது தேர்தல் நாளில் மட்டும் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் உறுப்பினர் விலகினால் பெரும்பாலும் இடைத்தேர்தல் நடத்தாமல் அவருடைய கட்சியே வேறொருவரை நியமிக்கிறது. மெக்கான் 2021இல் உடல்நலம் கருதி விலகியபோதும் அவ்வாறே நடந்தது. அதே ஆண்டு எஸ்.டி.எல்.பி. அப்படி நியமித்தவர்களில் ஒருவர், கென்யாவில் பிறந்த லிலியன் சீனோய் பார். 2023இல் அவர் ஃபாயில்சைடு பகுதியில் மக்கள் வாக்கிலேயே வென்றார். மேயர் பதவி கட்சிகளின் பலத்துக்கேற்ப முறைவைத்துப் பகிரப்படுவதால், 18 இடங்களுடன் சின் ஃபெயின் முதலிடத்தில் இருந்தபோதும், 2024 ஜூனில் எஸ்.டி.எல்.பி.யின் முறை வந்தது. வட அயர்லாந்தின் முதல் கறுப்பின மேயராக அவர் பொறுப்பேற்றார்.

அடுத்த தேர்தல் 2027 மே மாதம் வர வேண்டும். முடிவுகளைப் பார்க்கும்போது கட்சிகளின் மொத்த இடங்களோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு பகுதியிலும் கடைசி உறுப்பினர் எத்தனையாவது சுற்றில், யாருடைய சீட்டுகள் மாறி வந்ததால் வென்றார் என்ற பட்டியலையும் பாருங்கள். அது தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியாகும். நான் முதலில் திறக்கப்போவது வாட்டர்சைடு, ஃபான் பகுதிகளின் பட்டியல்களை.