சிவப்பா தெரிஞ்சா மழை வருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (விருத்தாசலத்துல இருந்து ஒரு வாசகி): ஐப்பசியில ஒரு நாள் சாட்டிலைட் படத்துல எங்க ஊருக்கு மேல ரத்தச் சிவப்பா இருந்துச்சு, வாட்ஸ்அப் குரூப் பூரா அதே படம்தான். களத்துல காஞ்ச நெல்லை ஆள் வச்சு மூட்டை கட்டி அடுக்கினோம். பொழுது சாயற வரைக்கும் ஒரு தூறல் இல்ல, கூலி தண்டம். சாட்டிலைட் பொய் சொல்லுமா?

பதில்: பொய் சொல்லலம்மா, அது சொல்றது ஒண்ணு, நாம எடுத்துக்கிறது ஒண்ணு. அந்தச் சிவப்பு மழையோட கலரே இல்ல. இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ்னு நம்ம வானிலை சாட்டிலைட் ரெண்டும் சுமார் 36,000 கி.மீ. உசரத்துல இருந்துகிட்டு மேகத்தோட உச்சந்தலை எவ்வளவு குளுந்து கிடக்குன்னுதான் அந்தப் படத்துல காட்டுது. மேகம் உசர உசர உச்சி குளிரும், பெரிய இடிமேகம்னா மைனஸ் 70, 80 டிகிரி வரைக்கும் போகும், அந்தக் குளிருக்கு கம்ப்யூட்டர்ல ஒரு கலர் பூசுறாங்க, அவ்வளவுதான். இப்ப எங்கயோ கடலூர்ப் பக்கம் கொட்டி ஓய்ஞ்ச ஒரு மேகத்தோட மேல்பாகம் மட்டும் மெல்லிசா பிரிஞ்சு மேல்காத்துல அடிச்சுகிட்டு வந்து உங்க ஊருக்கு மேல துப்பட்டா மாதிரி விரிஞ்சு கிடக்கும். அதுவும் குளிர்தான், படத்துல அதுவும் சிவப்புதான், ஆனா உள்ள சரக்கு இருக்காது. இதுக்கு நேர்மாறா, அதிகம் உசராத குட்டை மேகம் சத்தமில்லாம வந்து நனைச்சுட்டுப் போகும், படத்துல பாத்தா சாம்பலா ஒரு திட்டு, யாரும் ஃபார்வேர்டு பண்ண மாட்டாங்க.

நெல்லை அள்ளுறதா வேண்டாமான்னா அடுத்த தடவை ரேடார் படத்தைப் பாருங்க. டாப்ளர் ரேடார் அலை மேகத்துக்குள்ள போய் மழைத்துளியிலயே பட்டுத் திரும்புது. காரைக்கால் ரேடார் உங்க ஊருக்கு நல்லாவே எட்டும்.

கேள்வி (புதுச்சேரியில இருந்து ஒரு கல்லூரி மாணவர்): ரேடார் கரைக்குப் பக்கத்துலதான் பாக்கும். நடுக்கடல்ல ஈ காக்கா இல்லாத இடத்துல புயல் காத்து மணிக்கு 80 கி.மீ.ன்னு எப்படிச் சொல்றாங்க சார்?

பதில்: சாட்டிலைட்டோட நிஜமான அருமையே அங்கதான் தம்பி. அமெரிக்காவுல புயலுக்குள்ளயே விமானம் விட்டு அளக்குறாங்க, வங்கக்கடல்ல அந்த வழக்கம் இல்ல, நமக்குப் படம்தான் கதி. 1970கள்ல வெர்னான் டுவோரக்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. மேகப் பட்டை நடுவைச் சுத்தி எவ்வளவு தூரம் வளைஞ்சிருக்கு, புயலோட நடுவுல மேகமில்லாத ஓட்டையா கண்ணு திறந்திருக்கா, திறந்திருந்தா கண்ணுக்குள்ள எவ்வளவு சூடு, சுத்தி எவ்வளவு குளிர்னு பாத்து 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு மார்க் போடுறது. டி நம்பர்னு பேரு. வாத்தியார் கட்டுரைப் பேப்பர் திருத்துற மாதிரி, ஒருத்தர் 2 போடுவாரு, இன்னொருத்தர் 2.5 போடுவாரு, 2.5 வந்தாதான் அது புயல்.

இன்னொரு வழியும் இருக்கு. குளத்துல காத்தடிச்சா தண்ணி சிலுசிலுன்னு சுருங்குமில்ல, கடல் மேல அந்தச் சுருக்கத்துல மைக்ரோவேவ் அலையை அடிச்சு, திரும்பி வர்றதை வச்சு காத்தோட வேகம், திசை ரெண்டையும் கணக்குப் போடுறது. 2022 நவம்பர்ல இஸ்ரோ விட்ட ஓஷன்சாட்-3 இந்த வேலையைத்தான் பாக்குது. ஆனா அது தாழ்வா பூமியைச் சுத்திகிட்டே இருக்குற ஆளு, புயல் நடக்குற நேரத்துல சரியா அது தலைக்கு மேல இருக்கணும்னு அவசியமில்ல.

2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயலாகும், ஆகாது, ஆயிடுச்சுன்னு நாள் கணக்கா இழுத்துச்சே, நாம எல்லாரும் உக்காந்து மீம் போட்டோம் (நானும்தான்). 30ஆம் தேதி ராத்திரி உங்க ஊர் பக்கம் கரையேறி நகராம நின்னு ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல ஊத்துச்சு, அனுபவிச்ச உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. டி நம்பர் காத்துக்குப் போடுற மார்க், மழைக்கு இல்ல. புயலா வெறும் தாழ்வு மண்டலமான்னு அடிச்சுக்கறதை விட எவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிக்கும்னு கேக்குறதுதான் உருப்படியான கேள்வின்னு எனக்குத் தோணுது.

கேள்வி (தேனி வாசகர்): ராத்திரி இருட்டுல எப்படிப் படம் பிடிக்குது?

பதில்: முதல் பதில்லயே இருக்கு. அது பாக்குறது வெளிச்சத்தை இல்ல, வெப்பத்தை. வெப்பத்துக்கு ஏது ராத்திரி?

கேள்வி (நாகப்பட்டினத்துல இருந்து, படகு வச்சிருக்கிற ஒருத்தர்): மீன் எங்க கிடக்குன்னு சாட்டிலைட் பாத்துச் சொல்லுதுன்னு மெசேஜ் வருது. நம்பலாமா?

பதில்: அண்ணே, அது மீனைப் பாக்கல, மீனோட சாப்பாட்டைப் பாக்குது. ஹைதராபாத்துல இருக்குற இன்காய்ஸ்ங்கற மத்திய அரசோட கடல் தகவல் நிறுவனம் கடல் மேற்பரப்போட சூட்டையும், தண்ணியில மிதக்குற நுண்பாசியோட பச்சை எவ்வளவுங்கறதையும் சாட்டிலைட்ல எடுத்து, சூடான தண்ணியும் குளிர்ந்த தண்ணியும் முட்டிக்கிற கோட்டைத் தேடுது. அங்க பாசி சேரும், அதைத் தேடி சின்ன மீன், அதைத் தேடி பெருசு. உங்க இறங்குதளத்துல இருந்து எந்தத் திசை, எத்தனை கி.மீ., எவ்வளவு ஆழம்னு மெசேஜ்ல வர்றது அந்தக் கோடுதான். வலையில ஏறுமாங்கறது உங்க பாடு, ஆனா தேடி அலையற டீசல் மிச்சமாகும். மேகம் மூடினா கடல் தெரியாது, அந்த நாள்ல சரியான தகவலை எதிர்பாக்காதீங்க.

கேள்வி (டெல்லியில வேலை பாக்குற வாசகி): பஞ்சாப்ல வைக்கோல் எரிக்கிறது குறைஞ்சிடுச்சுன்னு கணக்கு சொல்லுது, என் மூக்கு அப்படிச் சொல்லலையே?

பதில்: மூக்குல தப்பு இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், டெல்லிப் புகைக்கு வண்டி, தூசின்னு வேற கூட்டாளிகளும் உண்டு. ஆனா அந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. நெருப்பு எண்ணப் பெரும்பாலும் நம்புற நாசா சாட்டிலைட்டுங்க பகல்ல சுமார் ஒன்றரை மணிவாக்குல அந்தப் பக்கம் கடந்து போகும். அது போன பிறகு சாயங்காலம் வச்ச தீ எண்ணிக்கையில வராது. 2024ல நாசா விஞ்ஞானி ஒருத்தர், ஒரே இடத்துல நின்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்குற கொரியா சாட்டிலைட்டோட படங்களை எடுத்துப் பாத்தப்ப, தீ வைக்கிற நேரம் அந்த ஒன்றரை மணிக்கு அப்புறமா தள்ளிப் போயிருக்குறது தெரிஞ்சுச்சு. விவசாயியை மட்டும் குறை சொல்ல மனசு வரல, நெல் அறுத்து கோதுமை விதைக்க அவங்களுக்குக் கிடைக்கிறது ரெண்டு மூணு வாரம்தான். ஆனா தீ அணைஞ்சாலும் கருகின வயல் சில நாளைக்குக் கறுப்பாவே கிடக்கும், ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் பத்து மீட்டர் அளவுக்கு நுணுக்கமா அந்தக் கறுப்பைக் காட்டிடும். இனிமே தீயை எண்ணாம கருகின ஏக்கரை எண்ணினா உங்க மூக்கும் கணக்கும் கொஞ்சம் ஒத்துப் போகலாம்.