பக்கவாதம் வந்த ஐந்தாம் நாள் 30-க்கு 17: இது டிமென்ஷியாவா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. குடியாத்தத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். எட்டாவது வரை படித்தவர். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். பக்கவாதத்தில் இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது. ஐந்தாம் நாள் கடிகாரம் வரையச் சொல்லி, ஏதேதோ கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மோக்கா 17/30' என்று எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி உளறினார். தட்டில் இடப்பக்கம் வைத்த சட்னியைத் தொடுவதே இல்லை. இது டிமென்ஷியாவா? கடையை மறுபடி அவரிடம் விடலாமா?

பதில்: மோக்கா என்பது ஞாபகம், கவனம், படம் வரைவது போன்றவற்றை 30 மார்க்குக்குப் பார்க்கும் ஒரு சின்னப் பரிசோதனை. ஐந்தாம் நாள் எடுத்த அந்த மதிப்பெண்ணை வைத்து டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொல்லக் கூடாது. மூளை வீக்கம், தூக்கமின்மை, காய்ச்சல், புது இடம் எல்லாம் சேர்ந்து மதிப்பெண்ணை இழுக்கும் நேரம் அது. அதற்காக அந்தப் பரிசோதனை வீண் என்று நினைக்க வேண்டாம். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒரு தொடக்கக் கணக்கு. பத்திரமாக வையுங்கள்.

ராத்திரி உளறி, பகலில் தெளிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டெலிரியம் என்ற திடீர் மனக்குழப்பம். சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சோடியம் குறைவு, தூக்க மாத்திரை, சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இவையெல்லாம் காரணமாகலாம். அது இருக்கும்போது எடுத்த மோக்காவை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வீட்டிலும் உளறல் தொடர்ந்தால் மூன்றாம் மாத மறுபரிசோதனை வரை காத்திருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

அடுத்தது, 17 என்ற மொத்தத்தைவிட எந்தப் பகுதியில் மார்க் போனது என்பதுதான் முக்கியம். சட்னி விஷயம் எனக்கு நிறையச் சொல்கிறது. இடது கை, கால் விழுந்தால் பாதிப்பு பெரும்பாலும் வலது மூளையில் இருக்கும். வலது மூளை பாதித்தால் கண் பார்வை சரியாக இருந்தும் இடப்பக்கம் கவனத்துக்கே வராமல் போகலாம். கடிகாரம் வரையச் சொன்னால் எண்கள் எல்லாம் வலப்பக்கமே குவியும். படம், கோடு, கடிகாரம் சேர்ந்து ஐந்து மார்க். அதோடு மூன்று மிருகப் படங்களில் இடது ஓரத்துப் படமும் தவறிப்போகலாம். ஞாபக சக்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஞாபகத்துக்கு ஐந்து மார்க். ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துக் கேட்பார்கள். துப்பு கொடுத்ததும் அப்பா சொன்னாரா என்று தாளில் பாருங்கள். துப்புக்கு மார்க் கிடையாது. ஆனால் துப்பில் சொல்லிவிட்டால் சொல் உள்ளே பதிந்திருக்கிறது, வெளியே எடுக்கத்தான் தடுமாறுகிறார் என்று பொருள். பக்கவாதத்தில் இப்படித்தான் அதிகம் பார்க்கிறோம்.

படிப்பும் கணக்கில் வரும். மோக்கா 2005-இல் கனடாவில் வந்தது. 26-க்குக் கீழே சந்தேகம் என்பது அங்கே வகுத்த கோடு. 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு மார்க் கூட்டச் சொல்கிறார்கள். அதைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். எட்டாவது படித்த நம்மூர்க்காரருக்கு அந்த ஒரு மார்க் போதாது என்பது என் கருத்து. பள்ளிக்கே போகாதவர்களுக்கு 'மோக்கா பேசிக்' என்று தனி வடிவமே உண்டு.

மூன்றாம் மாதம் மறுபடி எடுங்கள். காலை வேளை, மூக்குக் கண்ணாடி, தேவையென்றால் காது மெஷின், தமிழ்த் தாள், அதுவும் முதலில் கொடுத்ததல்லாத மாற்றுத் தாள். பக்கத்தில் உட்கார்ந்து விடை எடுத்துக் கொடுக்காதீர்கள்; வீட்டில் பயிற்சியும் வேண்டாம், மார்க் பொய்யாக ஏறிவிடும். அன்றைக்கே மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சோர்ந்து கிடப்பவர் மறதிக்காரர் போலவே தெரிவார். பக்கவாதத்துக்கு முன்பே கணக்கில் தடுமாறினாரா, தெரிந்த வழியைத் தவறவிட்டாரா என்பதை நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள், அது எந்தத் தாளிலும் வராது.

அதுவரை இன்சுலினை அவர் கையில் விடாதீர்கள். போட்டதை மறந்து மறுபடி போட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து. வேறொருவர் போட்டு, காலண்டரில் டிக் அடிக்கட்டும். டூ வீலர் கூடவே கூடாது. இடப்பக்கம் வரும் வண்டி அவருக்குத் தெரியாது.

கடைக்குப் போகட்டும், கல்லா வேறொருவரிடம் இருக்கட்டும். மூன்று சாமானுக்கு விலை கூட்டி, 500 ரூபாய்க்கு மீதி கொடுக்கச் சொல்லி வாரம் ஒரு முறை குறித்து வையுங்கள். இடது அலமாரிச் சாமானை எடுக்கச் சொல்லி, தலையைத் திருப்பித் தேடுகிறாரா என்றும் கவனியுங்கள். மூன்றாம் மாதம் மோக்கா தாளோடு அந்த நோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். கல்லாவைத் திருப்பிக் கொடுப்பதை அப்போது முடிவு செய்யலாம்.