படம் பிடிக்கவில்லை என்றால் தியேட்டர் பணத்தைத் திருப்பித் தர வேண்டாமா?

"செருப்பு கடித்தால் கடைக்காரர் மாற்றித் தருகிறார், படம் கடித்தால் தியேட்டர்காரர் ஏன் பணத்தைத் திருப்பித் தரக் கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். போன வாரம் குடும்பத்தோடு ஏதோ ஒரு படத்துக்குப் போய் நொந்துபோய்த் திரும்பியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். எரிச்சல் புரிகிறது. ஆனாலும் என் பதில், தர வேண்டியதில்லை என்பதுதான்.

உடனே 'தியேட்டர் முதலாளியின் ஆள்' என்று கீழே எழுத வேண்டாம். படிப்பை முடித்து வேலை தேடிய இரண்டு வருடம் ஒரு தியேட்டரில் டிக்கெட் கொடுத்தேன். அந்த முதலாளியிடம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். இணையத்தில் முன்பதிவு வராத காலம் அது. கவுண்டரில் கம்பி வலை, அதற்குக் கீழே ஒரு கை நுழையும் அளவுக்குப் பொந்து. உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முகங்கள் தெரியாது. கைகள்தான் தெரியும். மோதிரக் கை, மருதாணிக் கை, மை ஒட்டிய மாணவன் கை என்று மனிதர்களைக் கையை வைத்தே அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் மாலைக் காட்சி. படம் ஆரம்பித்து முக்கால் மணி நேரம் இருக்கும். கல்லாவை எண்ணித் தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். பொந்து வழியாக ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் கிழித்த டிக்கெட்டின் பாதிகள் நான்கு, வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"பணத்தைக் கொடு தம்பி. இதெல்லாம் ஒரு படமா?"

மேனேஜரைக் கூப்பிட்டேன். பணம் கேட்டவருக்கோ வெண்கலத் தொண்டை. அடுத்த காட்சிக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். படம் வெளியாகி இரண்டாவது நாள்தான். வரிசை கலைந்துவிடுமோ என்று பயந்த மேனேஜர் என் காதருகே குனிந்து, "கொடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் எண்ணிக் கொடுத்தேன்.

இடைவேளை மணி அடித்ததும் கவுண்டருக்கு முன்னால் பதினோரு பேர். அவருக்குக் கொடுத்தீர்களே, எங்களுக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்விதான். அவர்களில் ஒருவரை எங்கள் டார்ச் அடிக்கும் பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். "ஐயா, இவ்வளவு நேரம் முன்வரிசையில் விசிலடித்தது நீங்கள்தானே?" என்று கேட்டார். அந்த மனிதர் கூசாமல், "விசில் பாட்டுக்கு அடித்தேன், படத்துக்கு அடிக்கவில்லை" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

பதினோரு பேருக்கும் கிடையாது என்று மேனேஜர் சொன்ன பிறகு நடந்ததை விவரிக்கப் போவதில்லை. பொந்தில் நுழைந்த ஒரு கை என் சட்டைப் பையைக் கிழித்தது என்பதோடு விட்டுவிடுகிறேன்.

இரவு கணக்கு. விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கையை வைத்துத்தான் வரி, விநியோகஸ்தரின் பங்கு, தியேட்டரின் பங்கு எல்லாம். ரசிகருக்குப் பிடித்த டிக்கெட், பிடிக்காத டிக்கெட் என்று அந்தத் தாளில் இரண்டு கட்டங்கள் கிடையாது. நான்கு டிக்கெட்டின் பணம் உதைத்தது. மாதக் கடைசியில் அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 'கொடுத்து அனுப்பு' என்று சொன்னதற்குச் சாட்சி என் காது ஒன்றுதான்.

ஒலி கரகரத்தாலோ, படம் பாதியில் நின்றாலோ, இருக்கை உடைந்திருந்தாலோ பணத்தைக் கேளுங்கள், சண்டை போட்டுக் கேளுங்கள். அது தியேட்டர் விற்ற சரக்கு. கதை அவர்கள் விற்ற சரக்கு இல்லை.

டிரெய்லரில் காட்டி ஏமாற்றினார்களே என்பீர்கள். அது வேறு வழக்கு. விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு ரசிகை வழக்குப் போட்டு, நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு தர உத்தரவும் வாங்கினார். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. டிரெய்லர் வாக்குறுதி ஆகாது என்றது. டிரெய்லரில் இருந்த நடிகை படத்தில் இல்லை என்று அமெரிக்காவில் தொடுத்த வழக்கிலோ, டிரெய்லரும் விளம்பரம்தான், ஏமாற்று விளம்பரச் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று 2022-ல் ஒரு நீதிபதி சொன்னார். என் மனது அந்த அமெரிக்க நீதிபதியின் பக்கம். ஆனால் கவனியுங்கள், இரண்டு வழக்கும் படக் கம்பெனி மீது. டிக்கெட் கொடுத்தவன் மீது இல்லை.

திருப்பித் தந்தவர்களே இல்லையா என்றால், உண்டு. 2012-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், 'தி ஆர்ட்டிஸ்ட்' மௌனப் படம் என்று தெரியாமல் வந்து உட்கார்ந்த சிலருக்கு ஒரு தியேட்டர் பணத்தைத் திருப்பித் தந்தது. அதுவும் முதல் பத்து நிமிடத்துக்குள் எழுந்து வந்து சொன்னால்தான். அடுத்த மாதமே அந்தப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. எழுந்து போனவர்கள் அன்று என்ன நினைத்திருப்பார்களோ.

2024 டிசம்பரில் பிவிஆர் ஐநாக்ஸ் டெல்லி, குருகிராம் பகுதியில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. டிக்கெட்டுக்கு 10 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால், பாதியில் எழுந்து போகும்போது ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்றது. முக்கால் பங்குக்கு மேல் படம் மீதமிருந்தால் 60 சதவீதம், பாதிக்கு மேல் இருந்தால் 50, கால் பங்குக்கு மேல் இருந்தால் 30. இதைத் திருப்பித் தருவது என்று சொல்ல மாட்டேன், முன்கூட்டியே கட்டிவைக்கும் காப்பீடு. ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது. பொந்தில் உட்கார்ந்திருப்பவனின் சட்டை கிழியாது அல்லவா.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். ஊழியர்களுக்கு அவ்வப்போது இலவச பாஸ் தருவார்கள். என் பெரியம்மா மகன் அதை உரிமையோடு வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்வந்தார். பிறகு ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இவனை நம்பி மூன்று மணி நேரம் வீணாய்ப்போனது. வந்துபோன செலவையாவது கொடுடா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த படம் வந்த வாரமே நான்கு பாஸ் கேட்டு நின்றார். கொடுத்தேன். அண்ணன் முறை, என்ன செய்வது.