அம்மா ஏன் தண்ணீர் குடிக்க மாட்டா?

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன், வயது 41. பள்ளிக்கூட விடுமுறைக்குக் குடும்பமாக ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா. எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். நள்ளிரவு விமானம். காலையில் இறங்கியதும் பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டு நேரே மெர்லயன் சிலை, அப்புறம் மற்ற இடங்கள் என்று ஒரு நிமிடமும் வீணாகாமல் திட்டம் போட்டிருக்கிறேன். வெயில் எங்களுக்குப் புதிதில்லை. முதல்முறை போகிறவர்கள் அங்கே பொதுவாக என்ன பிழை விடுகிறார்கள், எதில் கவனமாக இருக்க வேண்டும்? அம்மா பெரியகல்லாற்றில் என் கூடப்பிறந்த அக்காவோடு இருக்கிறா. பிரஷரும் சீனியும் இருக்கிறது, குளிசை போடுகிறா. அவவால் ஒரு கரைச்சலும் இல்லை, பயணம் என்றால் தண்ணியே குடிக்க மாட்டா, அதனால் எங்கேயும் நிற்கவும் தேவையில்லை. யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகிற அன்று மட்டும் அவ ரூமில் படுத்திருப்பா.

பதில்: தம்பி, முதல்முறை போகிறவர்கள் விடுகிற பிழை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பெரியதை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதுவும் நல்ல செய்தி சொல்வது போல. "தண்ணியே குடிக்க மாட்டா, அதனால் எங்கேயும் நிற்கவும் தேவையில்லை." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உங்களோடு கதைக்கப் போகிறேன், மெர்லயன் சிலை எங்கேயும் ஓடிவிடாது.

அம்மா ஏன் குடிக்க மாட்டா என்று என்றைக்காவது கேட்டீர்களா? உங்கள் அம்மாவின் வயதுப் பெண்கள் இந்தப் பழக்கத்தை எங்கே படித்தார்கள் தெரியுமா? சண்டைக் காலத்தில் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போனவர்கள் அவர்கள். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பையோடு இறங்கி, வரிசையில் நின்று, திரும்ப ஏறி, நாள் முழுக்கப் போகிற பயணம். ஆண்கள் வேலி ஓரமாய் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள், பெண்களுக்கு எங்கே இடம்? முதல்நாள் இரவில் இருந்தே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இப்போது ஏசி வான் வந்துவிட்டது, பாதையும் நல்ல பாதை, ஆனால் அந்தப் பயம் போகவில்லை. போகாததற்கு நாங்களும் காரணம். வழியில் ஒரு கடையில் நிறுத்தச் சொன்னால் "இப்பதானே நின்டது" என்று மகன் சொல்லுவார், பெரிய கோபமெல்லாம் இருக்காது, ஒரு சின்னப் பெருமூச்சுதான். தாய்க்கு அது போதும். அதற்குப் பிறகு அவர் கேட்கவே மாட்டார், நீங்களும் அம்மாவால் கரைச்சலே இல்லை என்று எல்லோருக்கும் சொல்லித் திரிவீர்கள். இப்படியான கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன, நாடும் ஊரும்தான் மாறும்.

இனி உடம்பைப் பாருங்கள். வயது போகப் போகத் தாகம் எடுக்கிற உணர்வே மங்கிவிடும், உடம்பில் நீர் குறைந்த பிறகும் நாக்கு கேட்காது. பிரஷருக்குக் கொடுக்கிற குளிசைகளில் சலத்தை அதிகமாகப் போகவைக்கிற வகையும் உண்டு. சீனி கூடி நின்றாலும் சலம் அதிகம் போகும். ஆகவே உங்கள் அம்மா மற்றவர்களைவிடக் கூடக் குடிக்க வேண்டியவராக இருக்கலாம், அவர் குடிப்பதோ ஒன்றுமில்லை. இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. பயண நாளில் அந்தச் சலக் குளிசையையும் விட்டுவிடுகிற தாய்மார் நிறையப் பேர், யாருக்கும் சொல்லாமல். அடக்கி அடக்கி வைத்தால் சலக்கடுப்பு வரலாம், காய்ச்சலும் வரலாம், வெளிநாட்டில் அது சின்ன வருத்தம் இல்லை.

உங்கள் அம்மா போடுவது என்ன குளிசை, எத்தனை மணிக்கு? தெரியாது, என்ன? உங்கள் அக்காவுக்குத் தெரியும். நம்ம பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை கல்யாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போவார். அந்த வழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல வழக்கம். ஆனால் சீதன வீட்டோடு சேர்த்துத் தாயையும் அக்காவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று என்பது போல நடக்கிற ஆண்களை நான் மன்னிப்பதில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப் போவது அக்கா, குளிசை எடுத்துக் கொடுப்பது அக்கா, வருடத்தில் ஒருநாள் பயணம் கூட்டிப் போய்ப் படம் எடுத்துப் போடுவது தம்பி. அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று நினைத்தீர்களே, அது நல்ல மனது, அதை நான் குறைக்கவில்லை. அப்படியென்றால் ஐந்து நாளும் அக்கா செய்வதை நீங்கள் செய்ய வேண்டும். உங்கள் மனைவியின் தலையில் கட்டவும் கூடாது. அவருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முதலில் அக்கா வீட்டுக்குப் போய் கிளினிக் கொப்பியைக் கையில் எடுங்கள். அம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். வெக்கையான இடத்தில் நாள் முழுக்கத் திரிகிறபோது எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் (இதயம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு வைப்பார்கள், அதனால் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்), சலக் குளிசை இருந்தால் அதை எந்த நேரத்தில் போடுவது, சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தி என்பதால் சீனிக் குளிசையையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றுவது. குளிசைகளைக் கைப்பையில், மருந்துச் சீட்டோடு கொண்டு போங்கள், பெட்டியில் போட வேண்டாம். தூக்கக் குளிசையோ கோடீன் சேர்ந்த இருமல் மருந்தோ இருந்தால் அங்கே கொண்டு போக முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டி வரலாம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பிரஷர், சீனி இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லி எடுங்கள்.

வெயில் புதிதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்ம ஊர்ப் பயணிகள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு இரண்டாம் நாள் மத்தியானம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிங்கப்பூரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 31 முதல் 33 பாகைதான், நமக்குக் கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் அதைவிடக் கூடப் போகும். ஆனால் கச்சான் காய்ந்த காற்று, வேர்வை வந்த உடனே காய்ந்துவிடும், காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சிங்கப்பூர் பூமத்திய கோட்டுக்குக் கிட்ட, காற்று முழுக்க ஈரம், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் நடந்தால் கடற்காற்றும் படாது. வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பில் உள்ள நீரும் உப்பும் போகும், சூடு மட்டும் இறங்காது. அப்புறம் கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் ஏசி குளிர். வெளியே வெக்கை, உள்ளே குளிர் என்று மாறி மாறிப் போக வயதானவர் களைத்துப் போவார். ஒரு மெல்லிய சால்வை அவருக்கு வேண்டும், பிள்ளைகளுக்கும்தான்.

உங்கள் முதல்நாள் திட்டத்தை நான் கிழித்துப் போடுகிறேன். களுவாஞ்சிகுடியில் இருந்து கட்டுநாயக்கா வரை வானில் ஏழெட்டு மணித்தியாலம், அதன் பிறகு விமான நிலையத்தில் காத்திருப்பு, நள்ளிரவில் விமானம், நாலு மணித்தியாலம் கூட நித்திரை இல்லாமல் காலையில் இறங்கி நேரே மெர்லயன். அந்த இடத்தில் நிழல் குறைவு, பகலில் சீமெந்துத் தரை கொதிக்கும். ஹோட்டலில் ரூம் பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் தருவார்கள், அதுவரை ஒரு 68 வயதுப் பெண் எங்கே இருப்பார், எங்கே கை கால் கழுவுவார் என்று யோசிக்கவே இல்லை. இறங்கிய பிறகு சாங்கி விமான நிலையத்தோடு ஒட்டிய ஜுவல் கட்டடத்துக்குள் போங்கள். 40 மீற்றர் உயரத்தில் இருந்து கட்டடத்துக்குள்ளேயே நீர்வீழ்ச்சி கொட்டும், பார்க்கக் காசு இல்லை, குளிர்ச்சியாய் இருக்கும், உட்கார இடம் உண்டு, கழிப்பறையும் உண்டு. அங்கேயே ஆறுதலாய்ச் சாப்பிட்டுவிட்டு ரூமுக்குப் போய் எல்லோரும் படுங்கள். கரையோரப் பூந்தோட்டத்துக்கு (கார்டன்ஸ் பை த பே) இருட்டுப்பட்ட பிறகு போனால் போதும், அங்கே பெரிய மரக் கோபுரங்களில் விளக்குக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், அதுவும் இலவசம். வெளியே நடக்கிற இடங்களைக் காலை பத்து மணிக்கு முன், அல்லது பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வையுங்கள். நடுப்பகலுக்குக் குளிரூட்டிய இடம், இல்லாவிட்டால் ரூமில் நித்திரை. நிமிடம் வீணாகாத திட்டம் என்று பெருமையாக எழுதினீர்களே, வீணாகிற நிமிடங்களில்தான் அம்மா மூச்சு வாங்குவார்.

தண்ணீர் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். அங்கே ரயிலுக்குள்ளும் ஸ்டேசனில் கட்டணக் கதவுக்கு உள்ளேயும் சாப்பிடக் குடிக்கத் தடை, 500 டொலர் வரை தண்டம், வெறும் தண்ணீருக்கும் அதே சட்டம்தான். இதைக் கேட்டால் அம்மாவுக்குக் குடிக்காமல் இருக்க இன்னொரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே கதவுக்கு வெளியே நின்று குடிக்க வையுங்கள், இறங்கி வெளியே வந்ததும் திரும்பவும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். ரயில் ஸ்டேசன்களிலும் கடைத்தொகுதிகளிலும் உணவங்காடிகளிலும் கழிப்பறை உண்டு, லிப்டும் உண்டு. ஆனால் எல்லாக் கழிப்பறையிலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, கடதாசி மட்டும் இருக்கும், நம்ம ஊர்த் தாய்க்கு அது பெரிய சங்கடம், அதையும் உங்களிடம் வாய்திறந்து சொல்லமாட்டார். கழுவுவதற்கென்று ஒரு சின்னப் போத்தலை அவருடைய பையில் போட்டுவிடுங்கள், மனைவியைக் கொண்டு சொல்லுங்கள். இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் முதலில் நீங்கள் போங்கள், "நான் போயிட்டு வாறன், நீங்களும் போங்க" என்று சொல்லுங்கள். வேண்டுமா என்று கேட்காதீர்கள். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவார்.

அங்கே தேத்தண்ணி கேட்டால் டின் பாலும் சீனியும் சேர்த்துத்தான் வரும். "தே ஓ கோசோங்" என்று கேளுங்கள், பாலும் சீனியும் இல்லாமல் வரும். தலைசுற்று, ஓங்காளம், கால் குரக்கை பிடித்தல் வந்தால் உடனே குளிர்ந்த இடத்தில் இருத்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கக் கொடுங்கள். கதை தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் முழித்தால் ஒரு நிமிடமும் பார்க்க வேண்டாம், 995க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

நீங்கள் கேட்ட மற்றப் பிழைகளைச் சுருக்கமாய்ச் சொல்கிறேன். அம்மா வெற்றிலை போடுகிறவர் என்றால் வாய்ப் புகையிலையைக் கொண்டு போகவே கூடாது, அங்கே தடை. பொது இடத்தில் துப்பினாலும் தண்டம். வெற்றிலையும் பாக்கும் லிட்டில் இந்தியாவில் வாங்கலாம். சிகரெட்டுக்குத் தீர்வை விலக்கு இல்லை, ஒரு பெட்டி என்றாலும் அறிவிக்க வேண்டும், இலத்திரன் சிகரெட்டு முற்றாகத் தடை. சுவிங்கம் வேண்டாம். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அரசாங்கத்தின் தளத்தில் அது இலவசம், காசு கேட்கிற தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். ரெஸ்ரோரண்டில் விலைக்கு மேல் 9 வீத வரியும், பல இடங்களில் 10 வீத சேவைக் கட்டணமும் சேரும், உணவங்காடியில் அந்தக் கரைச்சல் இல்லை, சாப்பிட்ட தட்டை மட்டும் நீங்களே எடுத்து வைக்க வேண்டும், விட்டுவிட்டு எழும்பினால் அதற்கும் தண்டம் வரலாம். கோயில்களுக்கு மத்தியானம் போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலானவை பூட்டியிருக்கும், காலையில் போங்கள். சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மனை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் அம்மாவைக் காத்தோங் பக்கம் சிலோன் ரோட்டில் இருக்கிற செண்பக விநாயகரிடமும் கூட்டிப் போங்கள், நம்ம நாட்டுத் தமிழர் அந்தக் காலத்தில் அங்கே போய்க் கும்பிட்டு வளர்த்த கோயில்.

கடைசியாக யுனிவர்சல். அன்றைக்கு அம்மா ரூமில் படுத்திருப்பா என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டீர்கள், அவரிடம் கேட்டீர்களா என்று எழுதவில்லை. யன்னல் திறக்க முடியாத பதினைந்தாம் மாடி ரூமில், அட்டையைச் சொருகினால்தான் லைட் எரியும் என்றும் தெரியாமல், கேத்தலைத் தொடப் பயந்து, காலையில் இருந்து இரவுவரை தனியே. அங்கேயும் தண்ணீர் குடிக்க மாட்டார், போத்தலில் இருப்பதற்குக் காசு கேட்பார்களோ என்று தொடாமலே வைத்திருப்பார். இதற்கா அவரைக் கடல் கடந்து கூட்டிப் போகிறீர்கள்? பிள்ளைகள் மனைவியோடு போகட்டும், அவர் சமாளிப்பார். நீங்கள் அம்மாவோடு இருங்கள், காலையில் தாவரவியல் பூங்காவில் நிழலாய்ப் பார்த்து உட்காருங்கள், மத்தியானம் ரூமில் படுங்கள், பின்னேரம் யுனிவர்சல் இருக்கிற செந்தோசாவுக்குப் போய் எல்லோரோடும் சேருங்கள். பிள்ளைகள் அப்பா வரவில்லை என்று கோபிப்பார்கள், கோபிக்கட்டும், நீங்கள் ஏன் வரவில்லை என்று அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் நாலுக்குப் பதிலாக மூன்று எடுங்கள்.