கரும்புக்குள் இருக்கும் நாணல்

கேள்வி: எங்கள் வாய்க்கால் கரையில் நாணல் மண்டிக் கிடக்கிறது. ஜேசிபி வைத்து வழிக்கலாம் என்றால், வேளாண் கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகள், 'இதெல்லாம் பயிருக்குச் சொந்தம், மொத்தமா அழிச்சிடாதீங்க சித்தப்பா' என்று சண்டைக்கு வருகிறாள். களைக்கு எதற்கு இந்தப் பரிவு? விதை வங்கியில் வைத்திருக்க மாட்டார்களா?
— ஒரு விவசாயி, குளித்தலை

பதில்: அவள் சொல்வது சரிதான். நாணல் கரும்புக்குப் பங்காளி. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர், வெங்கட்ராமன் என்ற விஞ்ஞானிகள் 'வெள்ளை' என்ற தடித்த கரும்பை அந்த ஊர் நாணலோடு கலந்துதான் கோ 205 ரகத்தை எடுத்தார்கள், 1918-ல் அது பஞ்சாபுக்கே போனது. தித்திப்பு கரும்பு தந்தது; தூர் வெடிப்பது, வறட்சி தாங்குவது, மறுதாம்பில் (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிரில்) சளைக்காமல் வருவது எல்லாம் நாணல் வீட்டுச் சீதனம். இன்று நீங்கள் நடும் கோ ரகங்களிலும் அந்த ரத்தம் ஓடுகிறது.

நெல் கதை இன்னும் சுவாரசியம். 1970 வாக்கில் புகையான் பூச்சி பரப்பிய ஒரு வைரஸால் ஆசிய நாடுகளில் பயிர் குட்டையாகி, புல் மாதிரி தூர்விட்டு, கதிரில்லாமல் நின்றது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்ததில் தாக்குப்பிடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். அதன் வழியில் வந்ததுதான் 1976-ல் வெளியான ஐஆர் 36 நெல் ரகம். அதே இனக் காட்டு நெல்லின் மற்ற மாதிரிகளில் அந்த எதிர்ப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். எந்தக் கரையில் நிற்கும் செடியிடம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?

விதை வங்கி வேண்டும்தான். ஆனால் உறையவைத்த விதை அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். வெளியில் நிற்கும் செடி புதுப் பூச்சி, புது வறட்சி என்று ஒவ்வொரு வருஷமும் மல்லுக்கட்டி மாறிக்கொண்டே வரும். அப்புறம் மா, பலா விதையெல்லாம் உலர்த்தினாலே செத்துவிடும், வங்கியில் எங்கே வைப்பது? தண்ணீர் போகும் வழியை மட்டும் வழித்துவிட்டு, கரையில் கொஞ்சத்தை விட்டுவையுங்கள்.

கேள்வி: என் தோட்டத்துக் கத்தரி வாடி வாடிச் சாகிறது. காட்டுச் சொந்தம் ஏதும் உதவுமா?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: மண்ணிலிருந்து வரும் வாடல் நோய் என்றால் உதவும். சுண்டை நாற்றின் மேல் கத்தரியை ஒட்டுக் கட்டிய கன்றுகள் விற்பனைக்கே வருகின்றன. நட்டபின் ஒட்டுக்குக் கீழே சுண்டை துளிர்த்தால் உடனே கிள்ளிவிடுங்கள்.